நாய் நக்காத தேன்

ராமதாஸுக்கு எட்டு வயது நடந்தபோது, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சேரிப் பிள்ளைகளைப் பார்த்து, தன் சாப்பாட்டுத் தூக்கின் மேல் அவர்கள் நிழல் விழக்கூடாது என்றார். விழுந்தால் சோறு கெட்டுவிடுமாம். மற்ற பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ராமதாஸுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் தூக்கு இருந்த ஜன்னலுக்கு வெளியே போய், வெயில் முதுகில் படும்படி நின்று, தன் நிழலை நேராகத் தூக்கின் மேல் போட்டான். நூறு எண்ணும்வரை அசையவில்லை. மதியம் புளியமரத்தடியிலிருந்து வாத்தியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சாப்பிட்டார், விரலை நக்கினார், ஊருக்கே கேட்கும்படி ஏப்பம் விட்டார், நாற்காலியிலேயே தூங்கிப்போனார். ஒரு நாளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று ஆறு நாள் செய்து பார்த்தான். ஆறு நாளும் ஏப்பம்தான்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். ஆனால் பெரியவர்கள் அடித்துச் சொல்லும் எதையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்பதை அந்த ஆறு நாளில் தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவனை நம்பவைப்பது லேசான காரியமாக இல்லை.

எட்டாவதோடு படிப்பு நின்றது. யுத்தத்தில் ஆஸ்பத்திரிப் படையில் சேர்ந்து, பர்மா எல்லைவரை போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தான். திரும்பி வந்தபோது கொண்டுவந்தவை ஒரு கம்பளி, கொஞ்சம் இங்கிலீஷ், காயத்துக்குத் தடவும் டிங்சர் அயோடின் மேல் ஒரு மரியாதை. செங்கல்பட்டில் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் பியூன் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டிங்சர் புட்டி இருக்கும். பால்காரர்கள் தண்ணீர் ஊற்றியது தெரியாமலிருக்க அரிசிக் கஞ்சி கலப்பார்கள். ராமதாஸ் ஒரு சொட்டு டிங்சர் விடுவான். கஞ்சி இருந்தால் பால் நீலமாகும். கடைத்தெருவில் அவனுக்கு டிங்சர் என்றே பெயர்.

"டேய், டிங்சரு வர்றான், டப்பாவ மூடு!" என்று டீக்கடைக்காரன் கத்துவான்.

"மூடுனாதான் அண்ணாத்த எனக்கு டவுட்டு வரும். தொறந்தே வெய்யி" என்பான் ராமதாஸ்.

அவன் காபித்தூளைச் சந்தேகப்பட்டான், மிளகைச் சந்தேகப்பட்டான், விபூதி மந்திரித்துக் கொடுக்கும் சாமியாரைச் சந்தேகப்பட்டான், தேர்தலுக்கு மட்டும் சேரிக்கு வரும் கதர்ச் சட்டைகளைச் சந்தேகப்பட்டான். அவன் தப்பாகச் சந்தேகப்பட்டதும் உண்டு. அப்போதெல்லாம் "ஆமா, தப்புதான்" என்று ஒப்புக்கொள்வான். அந்த வார்த்தையைக் கடைத்தெருவில் வேறு யார் வாயிலிருந்தும் யாரும் கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, சித்திரை மாதம். கலப்படத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் வேதாந்தத்தின் மேஜைக்கு ஒரு மனு வந்தது. கீழே "பொதுஜனங்கள்" என்று கையெழுத்து. தேன்காரி செல்லம்மா தேனில் கஞ்சி கலந்து விற்கிறாள், அந்தத் தேன் பெருமாள் கோயில் திருமஞ்சனத்துக்கே போயிருக்கிறது, அவளை உடனே ஜெயிலில் போடவேண்டும் என்று எழுதியிருந்தது.

ராமதாஸ் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனான். சுக்கும் திப்பிலியும் மணத்தன. இது பொதுஜன வாசனையாகத் தெரியவில்லை.

செல்லம்மா அவனுக்குத் தங்கை முறை, ஒரே சேரியில் வளர்ந்து சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் செத்தபின் தேன் எடுத்துத்தான் மகளை வளர்த்துவந்தாள். அங்கே இடிந்து கிடக்கும் டச்சுக்காரன் கோட்டையின் சுவர்ப் பொந்துகளில் தேனீக்கள் கூடு கட்டும். கடலோர முந்திரித் தோப்புகளிலும் கட்டும். புகை போட்டுத் தேன் எடுத்து, புட்டிகளில் ஊற்றி, தலையில் கூடையோடு செங்கல்பட்டுக்கு வந்து வீடு வீடாக விற்பாள். அக்கிரகாரத்தில் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் குனிந்து கையேந்தவேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். ஆனால் அவள் கை பிழிந்த தேனுக்குத் தீட்டு கிடையாது. தேன், பால், நெய் மூன்றும் யார் தொட்டாலும் தீட்டாகாது என்று சாஸ்திரத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவை மூன்றும் சேரிக்காரர்களின் உழைப்பில்லாமல் அவர்கள் வீட்டு வாசலுக்கு வராது என்பதும் தெரிந்திருந்தது.

கஞ்சி என்றால் கதையே வேறு. வெந்த சோறும் சோறு வெந்த நீரும் அவர்களிடம் "பத்து". அதைத் தொட்ட கையைக் கழுவாமல் நெய் ஜாடியைத் தொடமாட்டார்கள். சேரிக்காரி காய்ச்சிய கஞ்சி பெருமாள் தலையில் ஊற்றப்பட்டது என்ற பேச்சு, மனு வந்த அன்றே தெருக்கோடிவரை போய்விட்டது. ஒரு வீடும் அவள் கூடையை இறக்கச் சொல்லவில்லை. வழக்கு நிரூபணமானால் ஜெயில்கூட உண்டு. மகள் பாப்பாவுக்கு வேறு நாதியில்லை.

ராமதாஸுக்கு வேறொரு வேதனையும் இருந்தது. போன வாரம் செல்லம்மாவின் குடிசைக்குப் போனபோது அடுப்படியில் ஒரு சட்டி நிறைய வெல்லப்பாகு இருந்ததை அவன் பார்த்திருந்தான்.

"அன்னிக்கு இன்னாத்துக்கு அவ்ளோ பாகு?" என்று இப்போது போய்க் கேட்டான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பாப்பா வயசுக்கு வந்துட்டா, தண்ணி ஊத்தறோம், அதிரசம் சுட. இன்னா அண்ணாத்த, நீயுமா?"

"கேட்டேன், அவ்ளோதான்."

"கேட்டதே பேஜாரா கீது. போ, போய் ஒன் டிங்சர எம் மூஞ்சியில ஊத்து."

அவன் திரும்பி வந்துவிட்டான். அதிரசம் நிஜமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

மனு எங்கிருந்து வந்தது என்பதில் அவனுக்குக் குழப்பமில்லை. கடைத்தெருவில் ஜானகிராமனின் நாட்டு மருந்துக் கடை இருந்தது. "சுத்தமான மலைத்தேன்" என்று லேபிள் ஒட்டிய புட்டிகள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும். முன்பெல்லாம் அவர் செல்லம்மாவைப் போன்றவர்களிடம்தான் தேன் வாங்குவார்; கோயில் திருமஞ்சனத்துக்கும் அவர் கடைத் தேன்தான் போகும். ஆறு மாதமாக யாரிடமும் வாங்கவில்லை. புட்டிகளோ இரண்டு வரிசையாயிருந்தவை ஐந்து வரிசையாகிவிட்டன. தேனீ இல்லாமல் தேன் எப்படிப் பெருகும்? கடைக்குப் பின்னால் லேபிள் கிழித்த தகர டின்கள் கிடந்தன. ஒன்றின் விளிம்பில் ஒட்டியிருந்ததை ராமதாஸ் விரலால் தொட்டு மோந்து பார்த்தான். பிசின்போல இழுத்தது, லேசாக இனித்தது, வாசனை மட்டும் துளியும் இல்லை. பூ வாசனை இல்லாத தேனை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. செல்லம்மா வாசல் வாசலாக வருவது நின்றால்தான் அந்த ஐந்து வரிசையும் விலைபோகும்.

வேதாந்தம் நல்ல மனுஷர்தான். ஆனால் வம்பு என்றால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "ராமதாஸ், பேசாம மனுவைக் கிழிச்சுப் போட்டுடலாமா?" என்றார்.

"கிழிச்சா அவ மேல போட்ட பழி கிழியாதுங்களே" என்றான் அவன்.

அதற்குள் கோயில் காரியம் பார்க்கும் பாஷ்யம் நாலு பேரோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். எல்லாரும் பார்க்க நடுத்தெருவில் சோதித்தாக வேண்டும் என்றார். வேதாந்தத்துக்குத் தப்ப வழியில்லை.

ஜானகிராமன் கடை வாசலில் கூட்டம் கூடியது. செல்லம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சாக்கடை ஓரமாக நின்றாள். அதற்குமேல் வர அவளை யாரும் கூப்பிடவில்லை.

"எதுக்கு சார் சட்டம், சர்க்கார் எல்லாம்?" என்று ஜானகிராமன் சிரித்தார். "நாயக் கேட்டா சொல்லிடும்."

நல்ல தேனை நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடும், கலப்படத் தேனைத்தான் நக்கும் என்பது ஊரில் எல்லாரும் நம்பும் விஷயம். அவர் தன் கடை நாயைக் கூப்பிட்டார். ஒரு பித்தளைத் தட்டில் தன் தேனை ஊற்றி வைத்தார். நாய் தட்டைப் பார்த்தது, வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது. ஒரு வாழையிலைத் துண்டில் செல்லம்மாவின் தேனை ஊற்றினார். நாய் நாலே நக்கில் இலையைக் காலி பண்ணிவிட்டு இலையையும் கடித்தது.

"ஆச்சா?" என்றார் பாஷ்யம். "இதுக்கு மேல என்ன வேணும்?"

கூட்டம் சலசலத்தது. செல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராமதாஸ் தேனைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயந்த நாயை யுத்தத்தில் அவன் நிறையப் பார்த்திருக்கிறான். முன்னால் போய், பித்தளைத் தட்டைக் கழுவி, அதிலேயே செல்லம்மாவின் தேனை ஊற்றி வைத்தான். நாய் மறுபடியும் பின்வாங்கியது. தேனே இல்லாத வெறும் தட்டைக் கையில் எடுத்துக் காட்டினான். நாய் ஓலமிட்டுக்கொண்டு எதிர்த் திண்ணைக்கு ஓடியது.

"தட்டுல வாய் வெச்சதுக்கு எத்தினி தபா அடிச்சீங்க மொதலாளி?" என்றான்.

சிரிப்பு வெடித்தது. "பாத்தியா, செல்லம்மா தேனையும் நாய் நக்கல! அப்போ அதுவும் நல்ல தேனுதான்!" என்று ஒருவன் கூவினான். இரண்டு மூன்று பேர் ஆமோதித்தார்கள். வேதாந்தத்தின் முகம் மலர்ந்தது. "ரெண்டும் சுத்தம். சரி, எல்லாரும் கலையலாம்" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

அங்கேயே விட்டிருந்தால் செல்லம்மா அன்றே தப்பியிருப்பாள். ராமதாஸ் விடவில்லை.

"ஐயா, நாய்க்குத் தேனப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. அதுக்குத் தெரிஞ்சது அடி ஒண்ணுதான். அது நக்குனாலும் சாட்சியில்ல, நக்காட்டியும் சாட்சியில்ல."

செல்லம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள். "யோவ் அண்ணாத்த, ஒனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? வுட்டாங்கல்ல, வுடேன்!"

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. நாயின் பேரால் இன்று விடுதலை என்றால், நாளைக்கு வேறொரு நாயைப் பிடித்து வந்து அவளை உள்ளே தள்ளுவார்கள். அவன் பையிலிருந்து டிங்சர் புட்டியை எடுத்தான்.

டீக்கடையில் இரண்டு கிளாஸ் வாங்கினான். ஒன்றில் செல்லம்மாவின் தேன், மற்றதில் ஜானகிராமனின் தேன், சம அளவு தண்ணீர் விட்டுக் கலக்கினான். இரண்டிலும் ஒரே அளவு டிங்சர் சொட்டினான். கூட்டம் கழுத்தை நீட்டியது. கஞ்சி என்றால் நீலம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். நீலம் வரவில்லை. செல்லம்மாவுடையது மஞ்சளாக நின்றது, ஜானகிராமனுடையது சிவந்தது.

"நீலம் இல்லை! எங்கே நீலம்?" என்று ஜானகிராமன் கைதட்டினார். "டிங்சரே செகப்புதானய்யா, அது கலந்தா செகப்பாத்தான் இருக்கும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ராமதாஸுக்கே ஒரு கணம் அது சரியென்று பட்டது. டிங்சர் சிவப்புதான். ஆனால் இரண்டு கிளாஸிலும் ஒரே அளவுதானே விட்டோம்? அவர் சொல்லும் காரணம் ஒரு கிளாஸுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

இன்னும் மூன்று கிளாஸ் வாங்கினான். இரண்டு தேனையும் மறுபடி கரைத்து, டிங்சர் விடாமல், முதல் கிளாஸ்களின் பக்கத்தில் ஜோடியாக வைத்தான். மூன்றாவதில் வெறும் தண்ணீர் பிடித்து அதே அளவு டிங்சர் விட்டான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

டிங்சர் விட்ட தண்ணீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. செல்லம்மாவின் ஜோடியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, டிங்சர் விட்டது ஒரு பிடி அழுத்தமாயிருந்தது, அவ்வளவுதான். ஜானகிராமனின் ஜோடியில் ஒன்று தேன் நிறம், இன்னொன்று நாவல்பழம் தின்ற நாக்கு.

வேதாந்தம் குடையை வைத்துவிட்டுக் குனிந்தார். சென்னையில் ஆறு வாரம் பயிற்சிக்குப் போயிருந்தபோது கொடுத்த புத்தகத்தில் படித்தது அவருக்கு நினைவு வந்தது. "டெக்ஸ்டிரின்" என்று மெல்லச் சொன்னார். பிறகு வேறு வழியில்லாமல் உரக்கச் சொன்னார். "மாவிலே ஆசிட் விட்டுக் கொதிக்க வெச்சா அது உடைஞ்சு பாகாயிடும். முழுக்க உடைஞ்சது குளுகோஸ். பாதி உடைஞ்சு நிக்கறது டெக்ஸ்டிரின். அதுதான் சிவப்பு காட்டும். மிட்டாய்க் கம்பெனிக்காரா வாங்கற பாகு இது."

அந்தப் பாகு விஷமல்ல. மிட்டாயில் போட்டு மிட்டாய் என்று விற்றால் யாருக்கும் கெடுதலில்லை. மலைத்தேன் என்று லேபிள் ஒட்டியதுதான் திருட்டு. அதைச் செய்துவிட்டு ஒரு ஏழைப் பெண் மேல் பழி போட்டது அதைவிடப் பெரிய திருட்டு. அங்கே நின்ற பெரிய மனிதர்கள் இதைக் கேட்பார்கள் என்று ராமதாஸ் எதிர்பார்த்தான். பாஷ்யம் கேட்டது வேறு.

"அப்போ ஆறு மாசமா திருமஞ்சனத்துக்குப் போனது கஞ்சியா? பத்தா? யார் காய்ச்சினா?"

"பம்பாய்ப் பக்கம் ஏதோ ஃபாக்டரி, மாமா. மெஷின்தான் காய்ச்சறது" என்றார் வேதாந்தம்.

பாஷ்யம் நீண்ட மூச்சு விட்டார். "மெஷினா? அப்போ தோஷமில்லை."

கூட்டத்தில் பாதிப் பேரின் முகம் தெளிந்தது. மெஷினுக்கு ஜாதியில்லை. தேனீ கொட்டி வீங்கிய கையோடு சாக்கடை ஓரம் நின்றவளுக்குத்தான் இருந்தது.

"மெசினத் தொடச்சி வுடறவன் யாருன்னு கேட்டீங்களா சாமி?" என்றான் ராமதாஸ். பாஷ்யம் காது கேட்காதவர்போல நடந்துவிட்டார்.

சட்டப்படி இரண்டு தேனிலும் மாதிரி எடுத்தார்கள். ஒவ்வொன்றும் மூன்று புட்டி, அரக்கு முத்திரை. ஒன்று விற்பவருக்கு, ஒன்று ஆபீசுக்கு, ஒன்று சென்னைப் பரிசோதனைக் கூடத்துக்கு. பார்சலைக் குமாஸ்தா கையில் விட ராமதாஸுக்கு மனமில்லை. குமாஸ்தாவின் இருமலுக்கு யார் கடையிலிருந்து இலவசமாக லேகியம் வருகிறது என்று அவனுக்குத் தெரியும். வேதாந்தத்திடம் அடம் பிடித்துக் கடிதம் வாங்கிக்கொண்டு, பாசஞ்சர் வண்டியில் மடிமேல் பெட்டியை வைத்தபடி எழும்பூர் போய் இறங்கினான். வழியில் காற்றாடவேண்டும் என்று அவன் பக்கத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னவரைக்கூடக் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டான்.

ரிப்போர்ட் வர ஆறு வாரமாயிற்று. அந்த ஆறு வாரமும் அக்கிரகாரம் செல்லம்மாவிடம் வாங்கவில்லை. சிவப்பு வரவில்லையென்றால் டெக்ஸ்டிரின் இல்லை, அவ்வளவுதான். வெல்லப்பாகை டிங்சர் காட்டிக்கொடுக்காது. அது ராமதாஸுக்குத் தெரியும், அதனால் அவனுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவளோ அவனை வழியில் கண்டால் கூடையோடு தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விட்டாள். கடலோர மீன்குப்பம்வரை நடந்து, தேனைக் கொடுத்துக் கருவாடு வாங்கிவந்து பாப்பாவுக்குச் சோறு போட்டாள்.

ஒருநாள் காலையில் ரிப்போர்ட் வந்தது. ஜானகிராமனின் தேனில் முக்கால் பங்கு பாகு; வழக்கு அவர் பக்கம் திரும்பியது. செல்லம்மாவின் தேனில் கலப்படம் எதுவுமில்லை. ராமதாஸ் நகல் எழுதி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போய், அவள் குடிசை வாசலில் நின்று, வரிவரியாகத் தமிழில் சொன்னான்.

அவள் கடைசிவரை கேட்டாள். "சரி. இந்தக் காயிதம் வர்றதுக்கு முன்னாடி நீ இன்னா நெனச்சுகினு இருந்தே?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்தேன்."

"வெல்லப்பாகா?"

"ஆமா. ஒருவேள கலந்திருப்பியோன்னு."

"நம்புனேன்னு ஒரு பொய் சொன்னா ஒன் வாய் வெந்துடுமா?"

"பொய் சொல்றவன் சொன்னா இந்தக் காயிதத்த எவன் நம்புவான் செல்லம்மா?"

அவள் உள்ளே போய்விட்டாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவனும் ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறினான். செய்தது சரிதானா என்று வழியெல்லாம் தன்னையே குடைந்துகொண்டு போனான். சரி என்றுதான் பட்டது.

அடுத்த மாதம் ஏதோ ஆபீஸ் வேலையாக மாமல்லபுரம் போயிருந்தான். கோயில் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் கூடையோடு ஒரு குரல். செல்லம்மா குரல்தான்.

"தேனு, தேனு! செங்கல்பட்டுல டிங்சரு டிங்சருன்னு ஒரு ஆளு கீறான், பெத்த தாய்ப்பாலக்கூட நம்பமாட்டான்! கூடப்பொறந்த மாதிரி வளந்த என்னியே நம்பாதவன்! அவனே ரயில்ல தூக்கினு போய் கவருமெண்டுல காட்டி சுத்தம்னு எழுதி வாங்கினு வந்த தேனு!"

கையில் நகலை விசிறிபோல ஆட்டினாள். இரண்டு பேர் சிரித்துக்கொண்டே புட்டி வாங்கினார்கள். மூன்றாவது ஆள், "நெஜமாவே அப்படி ஒருத்தர் இருக்காராம்மா?" என்று கேட்டான்.

செல்லம்மா தலையை நிமிர்த்தினாள். கூட்டத்துக்குப் பின்னால் காக்கிச் சட்டையில் நின்றவனைக் கண்டுகொண்டாள்.

"அதோ நிக்குது பாரு, மூஞ்சியே சொல்லுது. போய் கேட்டுக்க, நைனா. ஆனா ஒன் பையில இன்னா கீதுன்னு மொதல்ல அது ஒன்னியக் கேக்கும்."